ஆள் ஏன் நிற்பதில்லை?



இரண்டு கடைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் முதல் பேச்சு பருப்பு விலை, எண்ணெய் விலையாக இருக்கும். இப்போது, "உங்க கடையில ஆள் நிக்கிறானா?" என்பதுதான் முதல் கேள்வி. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவிலும் இதே புலம்பல்தான். பையன்கள் பெங்களூர் கட்டட வேலைக்குப் போகிறார்கள், சென்னைக்குப் போகிறார்கள். பெண்கள் செய்யாறு சிப்காட்டுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். "அங்கே சம்பளம் அதிகம், நாம் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு நாமும் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

சம்பளம் ஒரு காரணம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றே காரணமா?

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். ஆறு வருடம் வேலை பார்த்த சிப்பந்தி ஒருவர், கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கணக்கை முடிக்கச் சொன்னார். செஞ்சிச் சாலையில் திருவண்ணாமலைக்குப் போகும் கூட்டத்தால் வியாபாரம் நடக்கிற நாட்கள் அவை. சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னோம். அவர் சொன்ன பதில் இது: "கூலி கொறவுன்னு போவல மொதலாளி. காலு தாங்கல. நீங்க கல்லாவுல உக்காந்திருக்கீங்க, நான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கேன்." அவர் போன பிறகுதான் கடையைச் சுற்றிப் பார்த்தோம். அரிசி மூட்டைக்கு மனைக்கட்டை இருந்தது, எண்ணெய் டின்னுக்குத் தனி மேடை இருந்தது. ஆளுக்கு மட்டும் ஒரு முக்காலி இல்லை.

நாள் முழுக்க நிற்க வைத்தால் ஆள் நம்மிடம் நிற்கமாட்டான். இதை உணர நமக்கு ஆறு வருடம் ஆயிற்று.

இது நம் ஒரு கடையின் சங்கதி அல்ல. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2018-இல் அங்கே சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். தமிழக சட்டமன்றமும் 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையே ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஒவ்வோர் ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆய்வாளர் வந்து கேட்பாரே என்பதற்காக ஒரு நாற்காலி வாங்கி மூலையில் போட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கி வைப்பதில் பயனில்லை.

"உட்கார்ந்தால் சோம்பல் வரும், வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?" என்று சிலர் கேட்கிறார்கள். பொட்டலம் கட்டுவதை உட்கார்ந்து செய்யலாம். மிளகாய் ஆய்வதும் உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆள் வந்தால் எழுந்திருக்கப் போகிறார். கடை சிறியது, இடமில்லை என்றால் மடக்கு முக்காலி போதும். அதன் விலை, எடை தவறிப் போகும் நாலைந்து கிலோ சரக்கின் விலைதான்.

பழகிய ஆள் போனால் வரும் நஷ்டத்தை நாம் கணக்கில் எழுதுவதில்லை. எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யார் பற்று தவணை தவறாமல் தீர்ப்பார், எந்தப் பருப்பு முதலில் விற்றாக வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. புது ஆள் அதைக் கற்பதற்குள் வண்டு விழுந்த சரக்கும், தப்பு விலையும், கோபித்துக்கொண்டு போன வாடிக்கையும் நம் தலையில் விழுகின்றன.

அடுத்தது நேரம். அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், வாரம் ஒரு முழு நாள் சம்பளத்துடன் விடுமுறை என்றும் சொல்கிறது. நாமோ காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறோம். அந்த 16 மணி நேரத்தையும் ஒரே ஆள் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இரண்டு ஆள் உள்ள கடையில் ஒருவர் 6 முதல் 3 வரை, மற்றவர் 1 முதல் 10 வரை, இடையில் ஆளுக்கு ஒரு மணி ஓய்வு என்று வைத்தால் கணக்கு சரியாகிறது. இருவரும் சேர்ந்திருக்கும் மதிய நேரத்தில் லோடு இறக்கலாம், பொட்டலம் போடலாம். ஒருவர் விடுமுறை நாளில் நாமோ நம் வீட்டாரோ கூட நின்றாக வேண்டும். சிரமம்தான். ஆனால் ஆளே இல்லாமல் தினமும் நிற்பதைவிட வாரம் இரண்டு நாள் நிற்பது மேல்.

மூன்றாவது முன்பணம். தங்கை கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று ஆள் கேட்கும்போது கொடுப்பது நம் நல்ல பழக்கம். அந்தக் கடனைக் காட்டி "பாக்கியைத் தீர்க்காமல் நகரக்கூடாது" என்று கட்டி வைப்பது அப்படியல்ல. கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பதை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. பயத்தில் நிற்கும் ஆள் வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசுவானா? கொடுத்தது, பிடித்தது, பாக்கி மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி, அதில் ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டால் சந்தேகமும் இல்லை, சண்டையும் இல்லை.

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கூடி, அரசு நம் சிரமத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போடுகிறோம். கேட்பது நியாயம். அதற்கு நான்கு நாள் முன்னால் மே 1 வருகிறது. அன்று நம் கடைச் சிப்பந்தியின் சிரமத்தை நாம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆகவே ஒன்று வேண்டிக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, "என் கடையில் ஆளுக்கு ஓர் இருக்கை போட்டுவிட்டேன், விடுமுறை நாளைக் குறித்துவிட்டேன், கணக்கு நோட்டு கொடுத்துவிட்டேன்" என்று ஒவ்வொருவரும் சொல்லும்படி இருக்கட்டும். இன்று மாலை கடைக்குப் போனதும் முக்காலியிலிருந்து தொடங்குவோம்.