விரல் கண்ட சித்திரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், ஓர் அம்மாள் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களுடையதும் அவற்றுள் ஒன்று. பையன் நம்மிடம் படித்தவன். படித்தான் என்பதைவிடப் படம் போட்டான் என்பதே பொருந்தும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் மூக்கையும் மூக்குக்கண்ணாடியையும் அவன் தீட்டியிருந்ததைக் கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்ட நாமே, பிற்பாடு தனியே அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. வெடிவிபத்து ஒன்றில் அவனுக்கு இரண்டு கண்களும் போய்விட்டன.

"இனிமேல் இவன் என்ன ஐயா செய்வான்?" என்று அம்மாள் கேட்டார்.

"பாட்டுக் கற்றுக்கொள்ளலாமே" என்றோம்.

"எனக்குப் பாட்டு வராது, சார்" என்று பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் திருப்பிக்கொண்டது நியாயந்தான். கண் போனவர் என்றால் உடனே சங்கீதத்தைக் காட்டிவிட்டு நாம் நம் கடமையை முடித்துக்கொள்கிறோம். நம் நாட்டில் அதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறு குழந்தையாயிருக்கையில் வைசூரியால் பார்வையிழந்து, பிற்காலத்தில் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் புகழ் பெற்ற புலவரானார். கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். ஆனால் இவ்விருவரும் இளம் பிராயத்திலேயே பார்வை இழந்தவர்கள். செவியைக் கொண்டே வளர்ந்தவர்கள். கண்ணையே நம்பிக் கலை பயின்றவன், பாதி வழியில் கண்ணை இழந்தால் என்ன செய்வது? அம்மாளின் கேள்வி இதுவே. அதற்கு விடை தேடியபோதுதான் வங்காளத்து விநோத விஹாரி முகர்ஜியின் சரித்திரம் நம் நினைவுக்கு வந்தது.

1904-ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண் பயனற்றது. மற்றொன்றிலோ கடுமையான கிட்டப்பார்வை. இந்த அரைக் கண்ணை வைத்துக்கொண்டு சித்திரம் பயிலச் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்தார். நந்தலால் வஸுவின் முதல் மாணவர்களுள் ஒருவரானார். பிறகு அங்கேயே ஆசிரியர். 1946-47-இல் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத்துப் பக்தர்களின் வாழ்வை எழுதினார். ஈரச் சுண்ணாம்பின்மேல், அது உலர்வதற்குள், வர்ணம் தீட்ட வேண்டிய வேலை அது. தவறினால் அழித்துத் திருத்த இயலாது. அதையும் முன்கூட்டிச் சுவரில் பிரதி செய்துகொள்ளாமலே செய்து முடித்தார் என்கிறார்கள். நம் ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜரும் அந்தச் சுவரில் இருக்கிறார். கண்ணில்லாத கவி என்று பெயர் பெற்ற சூர்தாஸும் இருக்கிறார்.

பத்தாண்டு கழிவதற்குள், ஐம்பது வயது கடந்த நிலையில், கண்ணில் செய்த சத்திர சிகிச்சை பலிக்காமற்போய், இருந்த பார்வையும் அவரை விட்டு நீங்கிற்று.

இந்த இடத்தில் எழுத்தாளர்கள் "அகக்கண் திறந்தது" என்று எழுதிவிடுவது வழக்கம். அந்த வார்த்தையில் நமக்கு அத்தனை விசுவாசம் இல்லை. நடந்ததைப் பார்த்தால் அது கைவேலையாகத்தான் தெரிகிறது. விரலால் சோதித்துப் பார்க்கக்கூடிய சாதனங்களை அவர் தேடிக்கொண்டார். காகிதத்தை வெட்டினால் அதன் ஓரத்தை விரல் அறியும். மடித்தால் மடிப்பை அறியும். மெழுகைப் பிசைந்து உருவம் செய்தால் முழுவதும் கைக்குள்ளேயே இருக்கிறது. இப்படி வர்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். மெழுகில் உருவங்கள் செய்தார். தாளின்மேல் ஒரு கையால் இடம் பார்த்துக்கொண்டு மறு கையால் கோடும் இழுத்தார். நாற்பது வருஷம் வரைந்த கைக்கு மாட்டின் முதுகு எங்கே வளையும், மனிதன் குந்தும்போது முழங்கால் எங்கே வரும் என்பதெல்லாம் மறந்துவிடவில்லை. 1972-இல் கலாபவனத்துச் சுவர் ஒன்றுக்குப் பீங்கான் ஓடுகளாலான பெரிய சித்திரம் ஒன்றையும் அமைத்தார். அவருடைய பழைய மாணவரான ஸத்யஜித் ராய் அதே வருஷம் அவரைப் பற்றி ஒரு சிறு சினிமாப் படம் எடுத்தார். 1974-இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1980-இல் காலமானார்.

விருதைவிட வேறொரு விஷயத்தையே நாம் பெரிதாக நினைக்கிறோம். பார்வை போனபின், 1958-இல், கலாபவனம் அவரை மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. பிற்பாடு தலைமைப் பொறுப்பையும் தந்தது. சித்திரப் பள்ளிக்கூடத்தில் கண் தெரியாத வாத்தியார்! நம் பக்கத்துப் பள்ளிக்கூடக் கமிட்டி ஒன்றில் இப்படி ஒரு யோசனையைச் சொல்லிப் பாருங்கள். அனுதாபத் தீர்மானம் ஒன்று நிறைவேறும், மாலை ஒன்றும் கிடைக்கலாம், உத்தியோகம் கிடைக்காது. மாதச் சம்பளமும், சுற்றிலும் மாணவர்களும், கேட்டதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆளும் இல்லாதிருந்தால் அந்த ஓட்டுச் சித்திரம் சுவரேறியிருக்குமா?

பையனோ நாற்பது வருஷம் வரைந்தவன் அல்லன்; ஏழெட்டு வருஷம் வரைந்தவன். வித்தியாசம் பெரிதுதான், அதை மறைத்து அவனுக்கு ஆறுதல் சொல்ல நமக்கு மனமில்லை. அடுத்த சனிக்கிழமை சாத்தூர் போய் வர்ணக் காகிதம் ஒரு கட்டும், பசையும், கத்தரிக்கோலும் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். "இவன் கையில் கத்தரிக்கோலா?" என்று அம்மாள் பதறினார். தீப்பெட்டி ஒட்டும்போது அவர் தம் விரலைப் பார்க்காமலே மடிப்பதைச் சுட்டிக் காட்டினோம். அவர் பதில் சொல்லவில்லை; கத்தரிக்கோலையும் பிடுங்கவில்லை.

பையன் ஒவ்வொரு தாளாக எடுத்து, "இது என்ன நிறம், சார்?" என்று கேட்டான். சொன்னோம். சிவப்புத் தாளுக்கு ஒரு முனையையும், மஞ்சளுக்கு இரண்டு முனைகளையும் அவனாகவே மடித்து, வேறு வேறாக அடுக்கி வைத்தான்.