பார்த்த மலையையே மறுபடி ஏன் பார்க்கணும்?

"போன வருஷமும் அங்கதானடா போனே? உனக்கு வேற ட்ரெயிலே கிடைக்கலையா?" லாங் வீக்கெண்ட் வந்தாலே எனக்கு விழுற கேள்வி இது. வருஷத்துக்கு கிடைக்கிறதே கொஞ்சம் லீவு, அதையும் பார்த்த இடத்துக்கே செலவு பண்றது வேஸ்ட்டுங்கறது நண்பர்கள் கட்சி. நான் எதிர்க்கட்சி :-)

'அங்க'ன்னா, ஒரிகன் மாநிலத்து ஈகிள் க்ரீக். போர்ட்லாந்துக்கு கிழக்கே, கொலம்பியா நதிப் பள்ளத்தாக்குல, ஓடைக்கு மேலே பாறையை வெட்டி 1910களில் போட்ட பாதை. பல இடத்துல ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். பிடிச்சுக்க ஒரு இரும்பு வடம், அவ்வளவுதான். 2 மைலில் பஞ்ச் பௌல் அருவி. 6 மைலில் டனல் அருவி. பேருக்கேத்த மாதிரி அருவிக்குப் பின்னாடி பாறையைக் குடைஞ்சு வழி விட்டிருக்காங்க. அதைத் தாண்டி டென்ட் போடற இடத்துக்குப் பேரு 'ஏழரை மைல் கேம்ப்'. சனி பகவானுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

முதல் தடவை போறவங்க அருவியைப் பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, திரும்பிடுவாங்க. தப்பில்லை. ஆனா இந்தக் காட்டோட கதை ஒரே நடையில புரியாது.

2017 செப்டம்பர் 2. பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் இந்தப் பாதையிலிருந்து ஒரு பட்டாசைக் கொளுத்திப் பள்ளத்துல போட்டான். சுமார் 150 பேர் திரும்பி வர வழியில்லாம ராத்திரி மலையிலேயே தங்கி, மறுநாள் மேல் பக்கமா வெளியேறினாங்க. தீப்பொறி ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்துலயும் பிடிச்சுது. முழுசா கட்டுக்குள்ள வர நவம்பர் 30 ஆச்சு. 48,000 ஏக்கருக்கு மேல தீயில சிக்குச்சு. பாதையைத் திரும்பத் திறந்தது 2021 ஆரம்பத்துல.

ஒரே ஒரு தடவை போனவருக்கு இது 'கருகின காடு'. வருஷா வருஷம் போறவனுக்குத்தான் கணக்கு தெரியும். கரிக்கட்டை மரத்தடியில பெரணி எவ்வளவு உசந்திருக்கு, தடிச்ச பட்டையால தப்பிச்ச டக்ளஸ் ஃபர் எது, போன தடவை நின்னுட்டிருந்த பட்டமரம் எது இப்ப குறுக்கே கிடக்கு... இதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்! (வேர் செத்த மரமும் பாறையும் விழுறது அங்க சகஜம். கிளம்பறதுக்கு முன்னாடி பாதை திறந்திருக்கான்னு பார்த்துக்கோங்க மக்களே.)

இன்னொண்ணு. எரிஞ்ச பாதைகளைச் சீர்படுத்த வனத்துறையோட சேர்ந்து மண்வெட்டி பிடிச்சவங்கள்ல தன்னார்வலர்கள் நிறைய. 'பார்த்தாச்சு, டிக் அடிச்சாச்சு'ன்னு போறவங்க யாரும் மண்வெட்டி தூக்கிட்டுத் திரும்பி வர மாட்டாங்க. 'இது நம்ம ஓடை'ன்னு நினைக்கிறவங்கதான் வருவாங்க. அந்த நினைப்பு நாலு தடவை நடந்தாத்தான் வரும். அந்தப் பையனுக்குக் கோர்ட் கொடுத்த தண்டனையிலேயே 1,920 மணி நேரம் வனத்துறைக்கு சேவை செய்யணும்னு இருந்தது. எனக்கென்னவோ அபராதத்தை விட அதுதான் சரியான தண்டனைன்னு படுது. எரிச்ச காட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும்.

புது இடம் போகாதீங்கன்னு சொல்லலை. பத்து இடம் பார்த்தா, அதுல ஒண்ணையாவது உங்க இடமா வச்சுக்கோங்க. அந்த ஒண்ணு எதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.