மூர்க்கரின் கத்தி

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பல அலுவலகங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சியின்போதே ஓர் ஆளுமைத் தேர்வு வைத்துவிடுகிறார்கள். வரிசையாகக் கேள்விகள், முடிவில் கையில் நான்கு எழுத்து. மதியம் டீக்கடையில் நின்று பாருங்கள், ராசி நட்சத்திரம் கேட்ட காலம் போய், 'நீ என்ன டைப்?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். தனக்கு வந்த எழுத்தை நெஞ்சில் குத்திய பதக்கம்போல் காட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. படிக்க வேண்டியது வந்த எழுத்தை அல்ல, வராத எழுத்தை.

இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் வேர், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்ற தடித்த நூல். மனம் வெளியே பாய்கிறதா, உள்ளே திரும்புகிறதா என்பது முதல் பிரிவு. அதன்மேல் சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்று மனத்துக்கு நான்கு வேலைகள். ஆக, எட்டு வகை. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அதைப் பதினாறாக்கி வினாத்தாளாகத் தந்தார்கள். ஒரே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு எழுத்து வந்துவிடுகிறது என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் குறை சொல்கிறார்கள். நியாயமான குறைதான். யுங்கே 1934இல் தன் நூலின் அர்ஜென்டினா பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மனிதர்களை ரகம் பிரித்து அடுக்குவது சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கினார்.

அவர் கவனம் வேறிடத்தில் இருந்தது. நமக்கு எளிதாக வருகிற ஒரு வேலையைச் சிறுவயதிலிருந்தே தீட்டிக்கொண்டு போகிறோம். வீட்டில் மெச்சுகிறார்கள், பள்ளியில் பரிசு தருகிறார்கள். அதற்கு நேர் எதிரான வேலை பழக்கப்படாமல் கிடக்கிறது, ஆனால் செத்துப்போவதில்லை. 'இது நான் இல்லை' என்று நாம் தள்ளிவிட்ட கோபம், பொறாமை, பேராசை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு அடியில் வளர்கிறது. அந்த மொத்தத்துக்கு யுங் இட்ட பெயர் நிழல். தேறாமல் போன அந்த வேலையின் வழியாகத்தான் நிழல் வீட்டுக்குள் வருகிறது என்பதை அவருடைய மாணவி மரி-லூயிஸ் ஃபான் ஃபிரான்ஸ் தனிச் சொற்பொழிவுகளாகவே விரித்துப் பேசினார்.

இதைப் புரிந்துகொள்ள யுங்கின் ஜூரிக் வரை போக வேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு போனால் போதும்.

அந்த ஊர் இன்று கருமாரியம்மனால் பெயர்பெற்றது. அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊரும் அதுதான். அடியார்களுக்குச் சோறு போட்டு அவர்கள் உண்ட பிறகே தான் உண்பார். கைப்பொருள் கரைந்தது, நிலம் விற்றார், இருந்ததெல்லாம் விற்றார். பந்தி நிற்கும் நிலை வந்தபோது, முன்பே கற்றிருந்த சூதாட்டத்தைக் கையில் எடுத்தார். உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாமல் போகவே ஊர் ஊராகப் போய்க் கும்பகோணம் சேர்ந்தார். முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பார். எதிராளிக்கு ஆசை ஏறும், பந்தயம் ஏறும், அடுத்தடுத்த ஆட்டங்களில் மொத்தத்தையும் வாரிக்கொள்வார். தோற்றவன் மறுத்தால் இடுப்பிலிருந்த சுரிகை என்கிற குறுங்கத்தியை உருவிக் குத்துவார். அந்தக் காசைத் தனக்கென்று தொடாமல் சமையல்காரர்களிடம் சேர்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

பக்தியின் உச்சமாகச் சைவர்கள் இதைப் படிக்கிறார்கள். அந்தப் படிப்பை நான் குறைக்கவில்லை. யுங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. பிறர் பசியைத் தன் பசியாக்கிக்கொள்ளும், வெளிநோக்கிய உணர்வு மனிதர் இவர். அந்த வகையினருக்குத் தேறாமல் கிடப்பது உள்நோக்கிய சிந்தனை, அதாவது ஈரமில்லாத கணக்கு. முதல் ஆட்டத்தைத் தெரிந்தே தோற்பது அந்தக் கணக்கு. அன்பு ஓடிக்கொண்டிருந்தவரை அதற்கு வேலையில்லை. அன்புக்கு முட்டுப்பாடு வந்த அன்று அது கத்தியோடு வெளியே வந்தது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். கத்தியை மறைத்து ஒரு சாந்தமான நாயனாரை அவர் தந்திருக்கலாம். தரவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நான் கும்பிடுகிறேன்.

என் உறவில் ஓர் அத்தை உண்டு. யார் வீட்டு விசேஷமானாலும் நாலு நாள் முன்பே போய் நிற்பவர். திருவேற்காட்டு மண்டபம் ஒன்றில் வரவேற்பு முடிந்த இரவு, சமையல்கட்டை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆறிப்போன சாம்பார் சாதம். 'சாப்பிட்டீங்களா அத்தை?' என்றுதான் கேட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். எந்த வீட்டுக் காதுகுத்துக்கு அரைப்பவுன், எந்த வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எவ்வளவு மொய், பதிலுக்கு வந்தது எவ்வளவு, யார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எத்தனை ராத்திரி கண்விழித்தார் என்று வருஷத்தோடு வந்தது. குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பேங்க் பாஸ்புக்கைப் படிக்கிற குரல். ஊருக்கே தெரிந்த ஈரமான அத்தைக்கு உள்ளே இப்படி ஒரு மொய் நோட்டு இத்தனை காலமாகத் திறந்தே இருந்திருக்கிறது.

அவரைப் பாசாங்குக்காரர் என்று சொன்னால் பாவம். அன்பும் உண்மை, நோட்டும் உண்மை. தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கப் பழகாதவர்களின் உள்ளே அது தானாக எழுதப்படுகிறது. இப்போதெல்லாம் அத்தை, 'முதல்ல எனக்கு ஒரு வாய் காபி கொடுங்க, அப்புறம் அடுப்பைப் பத்த வைக்கிறேன்' என்கிறார். சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மூர்க்கருக்கு எதிர்த்துருவமும் இதே பக்கத்தில்தான். ஆவடியைத் தாண்டினால் திருநின்றவூர், பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய காடவர் அரசனின் கனவில் இறைவன் வந்து, அன்றைக்கு நின்றவூர்ப் பூசலாரின் கோயிலில் குடமுழுக்கு, உன்னுடையதை வேறு நாள் வைத்துக்கொள் என்றார் என்பது கதை. அவர் பெயரோடு சேர்ந்த இருதயாலீசுவரர் கோயிலுக்கு இதய நோய்க்காரர்கள் இன்றும் வேண்டிக்கொண்டு வருகிறார்கள்.

உள்நோக்கிய உள்ளுணர்வு வகை மனிதர் என்று இவரைச் சொல்வேன். அந்த வகைக்குக் கைகூடாதது கல், மண், காசு, ஆள் என்கிற புலன் உலகம். ஆனால் பூசலாரின் மனக்கோயிலை உற்றுப் பாருங்கள். நிதி திரட்டுகிறார், தச்சரை வைக்கிறார், நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார், இரவிலும் கண்ணுறங்காமல் வேலை நடக்கிறது, விமானம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் வரை ஒன்றையும் விடவில்லை. தனக்கு வராததற்கு உள்ளே முழு இடம் கொடுத்திருக்கிறார். இந்த வகையில் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. மாதக்கணக்கில் மனத்திலேயே திட்டம் போடுவார்கள், அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. திடீரென்று ஒரு நாள் ஃபர்னிச்சர் கடைக்குள் போய் கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தீர்த்துவிடுவார்கள். அது அவர்களுடைய கத்தி.

யுங்கின் மனத்தில் இங்கே நின்றதும் இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரு மனிதர்தான். அவர் 1937 டிசம்பரில் இந்தியா வந்தார், தென்னாடு வரைக்கும் வந்தார். திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்க்கவில்லை. ரமணரைப் பற்றி ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதிய நூலுக்குத் தந்த முன்னுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தாராம். பள்ளி ஆசிரியர் மாதிரியான எளிய மனிதர், பெரிய குடும்பத்தைச் சுமப்பவர். ஞானமும் வீட்டுக் கவலையும் சேர்ந்த அந்த மனிதரே அவர் மனத்தில் நின்றார். மகரிஷியைக் காணாமல் திரும்பியதை நம்மால் ஏற்க முடியாமல் இருக்கலாம். புனிதத்தை மட்டும் தேடாத கண் அவருடையது என்பதை மறுக்க முடியாது.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவுத்தாளைக் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். சோர்ந்த நாளில் இந்த ஆள் எப்படி மாறுகிறார் என்று கேளுங்கள். யாரைக் கண்டால் காரணமில்லாமல் பற்றிக்கொண்டு வருகிறது என்று கேளுங்கள். நமக்கு வராத வேலையை அநாயாசமாகச் செய்கிறவர் மீதுதான் அந்த எரிச்சல் பெரும்பாலும் விழும். நான்கு எழுத்துக்கு ஏதாவது பயன் உண்டென்றால், எந்தப் பக்கம் திரும்பித் தேடுவது என்று காட்டுவதுதான்.

ஐப்பசி அனுஷம் பூசலாரின் குருபூஜை, கார்த்திகை மூலம் மூர்க்கருடையது. இந்த வருஷம் அத்தையைத் திருவேற்காட்டுக்கு அழைத்துப்போக எண்ணியிருக்கிறேன். அன்னதானத்துக்குக் காய் நறுக்க அவர் எப்படியும் உட்கார்ந்துவிடுவார். முதல் பந்தியிலேயே அவருக்கு இலை போடச் சொல்லிவிட வேண்டும்.