பாட்டி வைத்தியம் பலிக்குமா?

திருச்சி காட்டூரில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் மஞ்சள் பால். பக்கத்து வீட்டில் போர்வைக்குள் ஆவி பிடித்தல். எதிர் வீட்டில் குழந்தை நாக்கில் வசம்பு. பெல் ஷிப்டு முடிந்து வந்தவருக்குத் தூக்கம் வரவில்லையா? அதற்கும் ஒரு டம்ளர் சூடான பால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் "எல்லாம் சரியாப் போச்சு" என்பார்கள். ஜலதோஷம் மருந்தே சாப்பிடாவிட்டாலும் ஏழு, பத்து நாளில் போய்விடும். அப்படியானால் பலித்தது வைத்தியமா, நாட்களா?

முதலில் மஞ்சள் பால். மஞ்சளில் எல்லோரும் புகழ்வது குர்குமின் என்ற பொருளை. மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். அதையும் உடம்பு லேசில் ஏற்காது. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2 கிராம் குர்குமினுடன் மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய 20 மடங்கு கூடியது. பாலில் மிளகு தட்டிப் போட்ட பாட்டிக்கு ஒரு சபாஷ்! ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். பாலில் போடுவதோ ஒரு சிட்டிகை. தொண்டைக்குக் கிடைக்கும் இதம் பெரும்பாலும் பாலின் சூடு தருவது.

தேன் கொஞ்சம் தேவலை. 2007-ல் அமெரிக்காவில் இருமலோடு வந்த 105 பிள்ளைகளைப் படுக்கும் முன் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தே தராத பிள்ளைகளைவிடத் தேன் குடித்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துக்கள் பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஆவி பிடித்தால் சளி சீக்கிரம் குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது மட்டும் நிஜம்.

அடுத்து வசம்பு. ராத்திரியில் பெயரைக்கூடச் சொல்லாமல் "பேர் சொல்லாதது" என்பார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்கா உணவில் வசம்பைத் தடை செய்தது. நம்மூரில் பிறந்த சில நாளில் நாக்கில் தடவுகிறார்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் இப்படித்தான். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

"அமெரிக்காக்காரனே மஞ்சளுக்குக் காப்புரிமை கேட்டானே, பலன் இல்லாமலா?" என்று ஒரு கேள்வி வரும். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அங்கே காப்புரிமை தந்தது உண்மை. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி, 1997-ல் அது ரத்தானது. அங்கே ஜெயித்தது "இது எங்களுக்கு முன்பே தெரியும்" என்ற வாதம். "இது எல்லாவற்றையும் குணமாக்கும்" என்று யாரும் அங்கே நிரூபிக்கவில்லை. பழையது என்பது வேறு, பலிப்பது என்பது வேறு.

பெரியவர்கள் மஞ்சள் பால் குடிப்பதால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆபத்து, அது போதும் என்று இருந்துவிடுவதில்தான். ராத்திரி இருமலுக்கு ஒரு வாரம் கற்பூரவல்லி, அடுத்த வாரம் தூதுவளை ரசம், அப்புறம் மிளகுக் கஷாயம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே ஒரு மாதம் ஓடிவிடும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். காட்டூரிலிருந்து பஸ் ஏறினால் புத்தூர் பெரியாஸ்பத்திரி தூரமில்லை.

பாட்டி கையால் தரும் பாலில் பாசம் இருக்கிறது. தாராளமாகக் குடிக்கலாம். பதினைந்தாம் நாளும் இருமினால், அந்தப் பாட்டியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போவதே நல்லது.