‘அவனுக்குக் கவனமே இல்லை’

நிபோங் திபாலில் விடிவதற்கு முன்பே சாலை பரபரப்பாகிவிடும். பத்து காவான், ஜூரு தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகள்தான் அதிகம். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலையில் அடிபட்டு, பிழைத்து, வீடு திரும்புகிறவர்களைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

தையல் பிரித்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். தம்பி வேலைக்கும் போகிறான். ஆனால் கடையில் மூன்று சாமான் வாங்கச் சொன்னால் ஒன்றோடு வருகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் எங்கோ போய்விடுகிறது. “சோம்பேறியாயிட்டான்” என்கிறார் அம்மா. வேலையிடத்தில் எச்சரிக்கைக் கடிதம் வருகிறது.

தலை வேகமாகக் குலுங்கும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகலாம். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இந்த நுண்ணிய சேதம் அதில் பெரும்பாலும் தெரியாது.

அப்படியானால் கவனத்தை எப்படி அளப்பது? தலையில் மின்முனைகள் பொருத்தி, ஒரே மாதிரியான ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறார்கள். இடையிடையே வேறொரு ஒலி வரும். அதை மட்டும் எண்ண வேண்டும். வானொலியில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். ஓடிக்கொண்டே இருக்கும் விளம்பரத்தைக் கவனிக்காத காது, செய்திக்கான இசை வந்ததும் விழித்துக்கொள்ளும்.

அப்படி விழிக்கும்போது, சுமார் 300 மில்லி விநாடியில் மூளையில் ஓர் அலை எழுகிறது. அதன் பெயர் பி300. அமெரிக்காவில் சாமுவேல் சட்டன் குழுவினர் 1965இல் இதை வெளியிட்டார்கள். பல முறை பதிவு செய்து சராசரி எடுத்தால்தான் அலை தெளிவாகத் தெரியும். தலைக்காயம் பட்ட பலரிடம் அது உயரம் குறைந்தோ தாமதமாகவோ வருகிறது. ‘கவனமில்லை’ என்று நாம் குறை சொல்வதற்கு உடலில் ஒரு காரணம் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

நிபோங் திபாலில் பொறியியல் வளாகம் வைத்திருக்கும் அதே யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்துக்கு, கிளந்தானின் குபாங் கெரியானில் மருத்துவ வளாகம் உண்டு. இத்தகைய மூளை அலை ஆய்வுகள் அங்கே நடக்கின்றன.

ஆனால் இந்த அலையை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. தூக்கமின்மை, மருந்து, வயது எல்லாம் அதை மாற்றும். எல்லா மருத்துவமனையிலும் செய்யும் வழக்கமான பரிசோதனையும் அல்ல. நினைவாற்றல், கவனத் தேர்வுகளோடு சேர்த்துத்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வர வேண்டும்.

குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. என்ன மறந்தார், எப்போது தடுமாறினார் என்று தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பேசும்போது டிவியை அணையுங்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்றால் சொக்சோவை அணுகுங்கள். மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் அங்கே உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். கடைச் சாமானை மறந்தால் திரும்பப் போய் வாங்கிக்கொள்ளலாம். சாலையில் கவனம் தவறினால் அப்படித் திருத்திக்கொள்ள முடியாது.