அனுப்பும் முன் ஒரு கேள்வி

2021ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகப் பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பகிர்ந்தேன். ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் மாத்திரை, கொவிட்-19 மரணங்களை 90 விழுக்காடு வரை குறைப்பதாக அதில் இருந்தது.

மறுநாளே மாமா அந்த மாத்திரையைத் தேடத் தொடங்கிவிட்டார். அம்மா தடுத்தபோது, “படிக்கிற பிள்ளை அனுப்பியிருக்கு, சரியாத்தான் இருக்கும்,” என்றாராம்.

நான் அனுப்பியது ஒரு முன்பதிப்பு. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால், அதே துறை வல்லுநர்கள் படித்துக் குறை நிறைகளைச் சொல்வார்கள். திருத்தி வெளியிடப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுவதே முன்பதிப்பு. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளம் இதற்கு முன்னோடி.

அந்த ஐவர்மெக்டின் கட்டுரை 2021 ஜூலையில் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதன் குறைகளை வெளிக்கொணர்ந்தவர் பெரிய பேராசிரியர் அல்லர். லண்டனில் முதுகலை படித்த ஒரு மாணவர். பாடத்தின் ஒரு பகுதியாக அவருக்கு அந்தக் கட்டுரை கொடுக்கப்பட்டது. படித்துப் பார்த்தபோது, முன்னுரையில் வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட வரிகளையும் தரவுகளில் பொருந்தாத எண்களையும் கண்டார்.

என்னை உறுத்தியது இதுதான். அவரும் மாணவர், நானும் மாணவி. இருவர் கையிலும் கிடைத்தது ஒரே கட்டுரை. அவர் கேள்வி கேட்டார், நான் பகிர்ந்தேன்.

இதனால் முன்பதிப்பே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. டெக்சாமெத்தசோன் மருந்து பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு 2020 ஜூன் மாதமே முன்பதிப்பாக வந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளிடையே மரணத்தை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆய்விதழில் அது வெளிவந்தது ஜூலையில். அந்தக் கொடிய காலத்தில் சில வாரங்கள் முன்னதாகக் கிடைத்த விவரம் சாதாரணமானதா?

ஆய்விதழில் வந்துவிட்டால் மட்டும் பிழை இராது என்றும் சொல்ல முடியாது. 2020 மே மாதம் லான்செட் இதழில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை இரண்டே வாரங்களில் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆகவே, குறை முன்பதிப்பில் இல்லை. வரைவை முடிந்த முடிவாக நினைக்கும் நம் பழக்கத்தில் இருக்கிறது.

ஐவர்மெக்டின் கேள்விக்கு நம் நாட்டு மருத்துவர்களும் விடை தேடினார்கள். 20 அரசாங்க மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தும் மையத்திலும் 490 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினார்கள். 2022 பிப்ரவரியில் முடிவு வெளியானது: நோய் கடுமையாவதை அந்த மருந்து தடுக்கவில்லை. பொறுமையாகச் செய்த அந்த வேலையை எங்கள் குடும்பக் குழுவில் யாரும் பகிரவில்லை, நான் உட்பட.

மாணவ நண்பர்களே, இடுபணிக்காகக் கட்டுரை தேடும்போது முதல் பக்கத்தைக் கவனியுங்கள். அது முன்பதிப்பா? வல்லுநர்கள் மதிப்பிட்டார்களா? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? பிறகு மீட்டுக்கொள்ளப்பட்டதா? முன்பதிப்பை மேற்கோள் காட்டினால், அது முன்பதிப்பு என்றே எழுதுங்கள். விரிவுரையாளர்களும் முதலாண்டிலேயே இதைக் கற்பிக்க வேண்டும். மேற்கோளை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறோம். எதை நம்புவது என்பதையும் சொல்லித் தரலாமே.

நல்லவேளையாக, மாமாவுக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை. கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்ட செய்தியை நானே அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அடுத்த முறை நீ முழுசா படிச்சிட்டு அனுப்பும்மா,” என்றார். நம் வீடுகளில் பலர் நம்மை நம்பித்தான் படிக்கிறார்கள்.