சட்டத்தின் கணக்கில் வராத சில்லறை

புது தில்லி: இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு எதிரான முழக்கங்களுக்கு இடையே, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய இந்த மசோதா நிலைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படவில்லை. மூன்று நாள்களில் ஒரு பெருந்தொழிலின் தலையெழுத்தே மாறிப்போனது.

பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்ததில் குறை காண அதிகம் இல்லை. சுமார் 45 கோடிப் பேர் இத்தகைய ஆட்டங்களால் பாதிக்கப்பட்டு, ரூ.20,000 கோடிக்கும் மேல் இழந்துள்ளனர் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கடன் சுமையால் உயிரை மாய்த்துக்கொண்ட குடும்பங்களின் செய்திகளைத் தமிழகம் நிறையவே படித்திருக்கிறது.

ஆனால், விவாதம் நடந்திருந்தால் அவையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று எழாமலேயே போய்விட்டது. பணம் வெல்லும் ஆசை சிறிதும் இல்லாமல், திரையில் சண்டையிடும் வீரனுக்குப் புதிய சட்டையும் முகமூடியும் வாங்குவதற்காக ஒரு சிறுவன் செலவிடும் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதே அந்தக் கேள்வி.

பெயர் விற்பனைக்கு, ஊர் வேடிக்கைக்கு

இந்தக் கேள்வியைக் கோலார் தங்க வயலில் நின்று கேட்டால் அதன் கனம் புரியும். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்தது முதல், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்த ஊர் அது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இலேயே மின்சாரம் பெற்ற அந்த ஊரில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் சுரங்கத்தை மூடியது. அதன் பிறகு, அதிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய், இரவு திரும்புவதே அங்குள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அன்றாடமாகிவிட்டது.

ஊரின் சுரங்கம் மூடப்பட்டாலும் ஊரின் பெயருக்கு விலை ஏறியது. 2018 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' திரைப்படங்கள் அந்த மூன்றெழுத்தை நாடு முழுவதும் கொண்டு சென்றன. இரண்டாம் பாகம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு, 'கே.ஜி.எஃப்.வெர்ஸ்' என்ற பெயரில் மெய்நிகர் உலகம் ஒன்று அறிவிக்கப்பட்டு, அதற்கான எண்ம வில்லைகள் ரசிகர்களிடம் விற்பனைக்கு வைக்கப்பட்டன. அது சட்டத்துக்குப் புறம்பான செயல் அல்ல. ரசிகர்கள் விரும்பி வாங்கினார்கள், விற்றவர்கள் விற்றார்கள். சயனைடு மணல்மேடுகளின் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருக்கும் ஊரின் பெயர், தொட்டுப் பார்க்க முடியாத பொருளாகவும் சந்தைக்கு வந்துவிட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

தொட்டுப் பார்க்க முடியாத அத்தகைய பொருள்களின் சந்தைதான் இன்று விளையாட்டுத் துறையின் பெரும் வருவாய் வழி. அந்தச் சந்தை எப்படி உருவானது என்பதை அறிந்தால்தான் சட்டத்தில் உள்ள ஓட்டை தெரியும்.

அட்டை வந்த கதை

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பார்லர்களை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது. காசு தீர்ந்ததும் ஆட்டக்காரரையும் அவரது வெற்றிகளையும் மறந்துவிடும். அந்த இயந்திரத்துக்கு ஞாபகத்தைக் கொடுத்தது ஜப்பான். சேகா நிறுவனத்தின் 'விர்ச்சுவா ஃபைட்டர் 4' 2001-இல் கூடங்களுக்கு வந்தபோது, ஆட்டக்காரர்களுக்கென ஓர் அட்டையும் விற்பனைக்கு வந்தது. நாம்கோ நிறுவனத்தின் 'டெக்கன் 5' 2004-இல் அதே வழியில் நடந்தது. அட்டையைச் செருகினால் ஆட்டக்காரரின் பெயர், வெற்றி தோல்விக் கணக்கு, தரவரிசை, அவருடைய வீரன் அணிந்திருக்கும் உடை எல்லாம் திரையில் வரும். எந்தக் கூடத்துக்குச் சென்றாலும் அந்த அடையாளம் உடன் வரும்.

அங்கே ஒரு நியாயம் இருந்தது. அட்டைக்கு ஒரு விலை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு காசு, அவ்வளவுதான் செலவு. வீரனின் தொப்பியையும் அங்கியையும் பணம் கொடுத்து வாங்க முடியாது. சண்டையில் வென்று, அதில் சேரும் ஆட்டக் காசைக் கொண்டே பெற வேண்டும். எதிரில் நிற்பவனின் உடையைப் பார்த்தாலே அவன் எத்தனை போர்களைக் கடந்தவன் என்று சொல்லிவிடலாம். அணிகலன் என்பது உழைப்பின் சான்றாக இருந்தது.

அடுத்த 20 ஆண்டுகளில் இந்த நியாயம் தலைகீழானது. ஆட்டம் வீட்டுக்கும் பின்னர் கைப்பேசிக்கும் வந்தது. 2024 ஜனவரியில் வெளியான 'டெக்கன் 8' முழு விலைக்கு விற்கப்பட்ட ஆட்டம். அது வெளியாகி ஒரு மாதத்துக்குள், உண்மைப் பணம் செலுத்தி உடை வாங்கும் கடை ஒன்று அதற்குள்ளேயே திறக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்துக்குள் மீண்டும் ஒரு கல்லாப்பெட்டியா என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். இந்தியாவில் கோடிக்கணக்கானோர் ஆடும் கைப்பேசி ஆட்டங்களோ இலவசம் என்ற பெயரில் நுழைந்து, 'ஸ்கின்' எனப்படும் உடையலங்காரத்தையே முதன்மை வருவாயாகக் கொண்டுள்ளன.

பணம் நேராகவும் கேட்கப்படுவதில்லை. முதலில் ரூபாயைக் கொடுத்து ஆட்டத்தின் நாணயத்தை வாங்க வேண்டும். நாணயக் கட்டின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியதைப் பயன்படுத்த இன்னொரு கட்டு வாங்க வேண்டும். சில ஆட்டங்களில் வேண்டிய உடையை நேரடியாக வாங்கவே முடியாது. மூடிய பெட்டியை வாங்கித் திறந்து பார்க்க வேண்டும். நினைத்தது கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையேல் அடுத்த பெட்டி. திருவிழாக் கடையில் அதிர்ஷ்டச் சீட்டு கிழித்த தலைமுறைக்கு இந்த உத்தி புதிதல்ல. ஆனால் அந்தக் கடை பத்து நாளில் மூட்டை கட்டிவிடும். இந்தக் கடை இரவு பகலாகச் சிறுவனின் சட்டைப்பையிலேயே திறந்திருக்கிறது.

சட்டம் போட்ட கோடு

புதிய சட்டம் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது. மின் விளையாட்டுப் போட்டிகள், சமூக விளையாட்டுகள், பண விளையாட்டுகள். மூன்றாவது வகைக்குத்தான் தடை. அதை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பணம் கட்டி, அதற்கு ஈடாகப் பணமோ வேறு ஆதாயமோ வெல்லும் எதிர்பார்ப்புடன் ஆடுவதே பண விளையாட்டு என்பது வரையறை. நாணயம், வில்லை, மெய்நிகர் பொருள் எல்லாம் பந்தயப் பொருளாகவே கருதப்படும் என்று சட்டம் விழிப்புடன் சொல்லியிருக்கிறது.

ஆயினும் கோடு விழுந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வெல்லும் எதிர்பார்ப்பு இருந்தால் குற்றம்; செலவழிப்பது மட்டுமே நடந்தால் பொழுதுபோக்கு. வெல்ல வாய்ப்பே இல்லாமல் பணத்தை மட்டும் இழக்கும் ஆட்டம் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றது. இதே கோட்டின் காரணமாகத்தான், உடை விற்பனையில் நடக்கும் முறைகேடு சூதாட்டச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே தங்கிவிடுகிறது.

மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லவும் வழியில்லை. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திக் கர்நாடகம் 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்து செய்தது. ஆளுநருடன் மல்லுக்கட்டி, 2023 ஏப்ரலில் தமிழகம் தன் சட்டத்தைப் பெற்றது. அதன்கீழ் வந்த நேரக் கட்டுப்பாட்டையும் ஆதார் சரிபார்ப்பையும் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. ஆனால் இவை யாவும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. சட்டை வாங்குவது சூதாட்டம் அல்ல. ஆகவே 34-ஆவது இனம் இங்கே கைகொடுப்பது கடினம். நுகர்வோர் பாதுகாப்பின் வழியாக இதை ஒழுங்குபடுத்த வேண்டிய பொறுப்பு தில்லியிடமே இருக்கிறது.

குவார்ட்டர்ஸ் வீடும் மெய்நிகர் சட்டையும்

வாங்கிய பொருளாவது வாங்கியவருக்குச் சொந்தமா என்றால், அதுவும் இல்லை. நீண்ட ஒப்பந்த வாசகங்களின் அடியில், இது உரிமை அல்ல, பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே என்ற வரி இருக்கும். நிறுவனம் சர்வரை நிறுத்தினால் எல்லாம் மறைந்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய 'தி க்ரூ' என்ற ஆட்டம் 2024 மார்ச் 31-ஆம் தேதிக்குப் பிறகு யாராலும் ஆட முடியாமல் போனது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலம், விற்கப்படுவது அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டம் இயற்றியது.

கோலார் தங்க வயல்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தலைமுறைகளாக வாழ்ந்த லைன் வீடு தங்களுடையதா, கம்பெனியுடையதா என்ற கேள்வி, சுரங்கம் மூடப்பட்ட அன்று அவர்களின் வாசலுக்கு வந்தது. குடியிருப்பது வேறு, உரிமை வேறு என்பதை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பாடத்தைக் கைப்பேசித் திரையில் பணம் கொடுத்துப் படிக்க வேண்டுமா?

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. உடை வாங்குவது கட்டாயம் அல்ல. வாங்கியவனின் குத்து கூடுதலாக வலிப்பதில்லை. வாங்கும் சிலர் தரும் பணத்தில்தான் வாங்காத பலர் இலவசமாக ஆடுகிறார்கள். வயது வந்தவர் தம் பணத்தை எதில் செலவிட்டாலும் அது அவர் விருப்பம் என்பதும் சரியே. தடை கோருவது இங்கே பொருத்தமும் அல்ல. ஆனால் இந்த வாதம் பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் செல்லாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, மைனருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி இல்லை. அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் மொஹரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் தீர்ப்பு இது. அப்படியிருக்க, தந்தையின் யு.பி.ஐ. எண்ணை அறிந்த சிறுவன் ஒரே இரவில் வாங்கிக் குவிப்பதற்கு எந்தச் சட்டம் அனுமதி தந்தது? விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவில் கூலி வேலை பார்க்கும் தந்தை, பணம் போனதை அறிந்து முறையிட எந்த அலுவலகத்தின் படியேறுவார்?

செய்ய வேண்டியவை

உலகம் இதில் சில அடிகள் முன்னே சென்றிருக்கிறது. பெட்டிகளில் கிடைக்கும் பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்ற உத்தியை ஜப்பான் 2012-இல் தடுத்தது. பெல்ஜியம் 2018-இல் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என அறிவித்தது. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் 24.5 கோடி டாலர், விருப்பமின்றி வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது.

இந்தியாவிலும் கருவிகள் இல்லாமல் இல்லை. நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்கள் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிடப்பட்டன. பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்கச் செய்வதும் அப்பட்டியலில் உண்டு. அவை விளையாட்டுக்குள் இருக்கும் கடைக்கும் பொருந்தும் என்று ஒரு வரியில் விளக்கம் தர மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தைத் தடுப்பது எது?

ஆட்ட நாணயத்தில் விலை சொல்லும் இடமெல்லாம் ரூபாய் விலையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூடிய பெட்டியில் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வாங்குமுன் காட்ட வேண்டும். மைனரின் கணக்கில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பெற்றோரின் ஒப்புதல் தேவை. தவறாகச் சென்ற பணம் குறித்த காலத்துக்குள் திரும்ப வேண்டும். சர்வரை மூடுவதற்கு முன் போதிய அவகாசமும் அறிவிப்பும் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2025-இல் நாடாளுமன்றம் தவிர்த்த ஆய்வைத் தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு இப்போதாவது மேற்கொண்டு, விதிகளைப் பரிந்துரைத்தால் போதும்.

இதில் பணம் மட்டும் அல்ல, அடையாளமும் அடங்கியிருக்கிறது. ஆட்டக்காரரின் அட்டையில் தொடங்கிய பதிவு, இன்று சிறுவன் எப்போது ஆடுகிறான், எதற்கு மயங்குகிறான், எப்போது வாங்குகிறான் என்பதுவரை நீண்டுவிட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது.

கோலார் தங்க வயலின் தொழிலாளர்கள் 1930-இல் ஒரு பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டதே அதற்குக் காரணம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த கூட்டம் அது; ஆனாலும் தங்களைப் பற்றிய பதிவு பிறர் கைக்குப் போவதன் பொருள் அவர்களுக்குப் புரிந்திருந்தது. 95 ஆண்டுகளுக்குப் பிறகு, படித்தவர்கள் நிறைந்த இரு அவைகளும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.